ரொட்டிக்கு ஏழாவது அர்த்தம்

ரொட்டியக்காவுக்கு ரொட்டி பிடிக்காது. தின்றால் வயிற்றில் கல்லாக உட்கார்ந்துகொள்கிறது என்பாள். ஆனாலும் அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. 'பிரெட்' என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் அலுவலகத்தில் எட்டு மாதம் மாரடித்தாள். பெயர் வைத்தவள் நான்தான். எல்லாம் வாய்க் கொழுப்பு. இப்போது அந்தப் பெயரைச் சொல்லும்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது, ஆனால் வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் எங்கள் அலுவலகம். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் அர்த்தம் சொல்லும் அகராதி ஒன்றைத் தயாரிக்கிறோம். ஆறு வருடம் ஓடிவிட்டது, இரண்டாவது எழுத்தைத்தான் முடித்திருக்கிறோம். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் தொகுப்பாசிரியருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியம் எதையும் மேசையில் உட்கார்ந்து ஜோடிக்கக் கூடாது. 'அவன் ரொட்டி தின்றான்' என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், உயிருள்ள மனுஷன் எவன் அப்படிப் பேசுகிறான் என்பார். ஆங்கில வாக்கியத்தை அவரே புத்தகங்களிலிருந்து எடுப்பார். அதே விஷயத்தை நம் ஆட்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதை நாங்கள் தெருவில், பஸ்ஸில், வீட்டில் காதால் கேட்டுக்கொண்டு வர வேண்டும். அதனாலேயே அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'காது' என்று பெயர். அந்தப் பெயரும் என் உபயம்தான்.

கேட்டதை அஞ்சலட்டை அளவு கார்டில் எழுத வேண்டும். மேலே ஆங்கிலச் சொல், எத்தனையாவது அர்த்தம். நடுவில் கேட்ட வாக்கியம், கேட்டது கேட்டபடி. அடியில் மூன்று வரி: பேசியவர், இடம், தேதி. இந்த மூன்று வரி எங்கள் கணக்குக்கு மட்டும், அச்சில் வராது. பேசியவருக்குப் பெயர் போடக் கூடாது, தொழிலோ உறவோ போட்டால் போதும். காதால் கேட்ட ஆள்தான் கார்டு எழுத வேண்டும். அவள் எனக்குச் சொன்னாள், இவன் அவளுக்குச் சொன்னான் என்பதெல்லாம் செல்லாது. எழுதிய கார்டு என் மேசைக்கு வரும். நான் அதைத் தனித்தாளில் தட்டச்சு செய்துகொண்டு, கையால் எழுதிய கார்டிலேயே எண் குத்துகிற மெஷினால் நறுக்கென்று ஒரு நம்பர் குத்தி, செருப்பு அட்டைப்பெட்டியில் அடுக்குவேன். நம்பர் குத்திய கார்டு பிறகு வெளியே போகக் கூடாது. நடுவில் ஒரு நம்பர் விட்டுப்போனால் காது பெட்டி பெட்டியாகக் கவிழ்த்துப்போட்டுத் தேடுவார், அன்றைக்கு யாராலும் வீட்டுக்குப் போக முடியாது.

ரொட்டியக்கா இந்த வேலைக்கு வந்தபோது நாற்பத்தாறு வயது. அதற்கு முன்னால் இருபத்தொன்பது வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினாள். பதினேழு வயதில் போய் உட்கார்ந்தவள். அப்பா ஒரு காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே விழுந்து போய்விட்டார், தம்பிக்கு அப்போது ஆறு வயது. அம்மா நோயாளி. கல்யாண அழைப்பிதழ், பாடப் புத்தகம், மருந்துக் கம்பெனி நோட்டீஸ், எதைக் கொடுத்தாலும் ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு பார்த்துப் பார்த்து அவள் தம்பியைப் படிக்க வைத்தாள். பெண் கேட்டு வந்தவர்களிடம் தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். படிப்பு முடிந்தது. அதற்குள் கேட்டு வருவதும் முடிந்துவிட்டது.

தம்பி கல்லூரியில் ஆங்கில ஆசிரியரானார், கல்யாணம் பண்ணிக்கொண்டார், வீடு கட்டினார். அம்மா போன பிறகு, அச்சகமும் மூடியபோது, அக்கா இனிமேல் என்னோடு இருக்கட்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகமில்லை. ஊர் உலகத்தில் எத்தனை பேர் கூட்டிப் போகிறார்கள். பின்பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தார். அந்த அறையில் இஸ்திரி மேசை, உடைந்த மூன்று சக்கர சைக்கிள், அவர்களுடைய பழைய பீரோ, இவற்றுக்கு நடுவில் அக்காவுக்கு ஒரு கட்டில். விடிகாலையில் எழுந்து ஆறு பேருக்குச் சமைத்துவிட்டு, தம்பியின் இரண்டு பெண்களுக்கும் பின்னிவிட்டு, மாமியார்க் கிழவிக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டுத்தான் பத்து மணிக்கு எங்கள் படியேறுவாள். அந்தக் கிழவி தம்பியின் மாமியார், அதாவது தம்பி மனைவியைப் பெற்றவள். அவளுக்கு முன்பக்கத்து அறை.

'பிரெட்' அவள் பங்குக்கு வந்தபோது சின்ன வேலை என்றுதான் நினைத்தாள். பிரெட் என்றால் ரொட்டி, ஆச்சு, அடுத்ததை எடு. ஆனால் காது தன் புத்தகங்களிலிருந்து ஒவ்வொன்றாக உருவிப் போட்டார். மாவைப் பிசைந்து சுட்ட தின்பண்டம், ஒன்று. பிழைப்பு, இரண்டு. கொச்சைப் பேச்சில் பணம், மூன்று. வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிற ஆளைச் சொல்லும் 'பிரெட்வின்னர்', நான்கு. வெண்ணெயைச் சேர்த்து 'பிரெட் அண்ட் பட்டர்' என்றால் அன்றாடம் அடுப்பெரிய வைக்கிற வேலை, ஐந்து. ஒருவன் வாயிலிருந்து ரொட்டியைப் பிடுங்குவது, நாம் வயிற்றில் அடிப்பது என்கிறோமே, அது ஆறு. இன்னொருவருடைய ரொட்டியைத் தின்று காலம் தள்ளுவது ஏழு. ஒவ்வொன்றுக்கும் மூன்று கார்டு. இது போதாதென்று, அருமையான புதுச் சாமான் எதைப் பார்த்தாலும் 'துண்டு போட்ட ரொட்டி வந்ததற்குப் பிறகு இதுதான் பெரிய விஷயம்' என்பார்களாமே, அதற்கு நாம் என்ன சொல்கிறோம் என்று வேறு கேட்டார்.

"ரொட்டியத் துண்டு போட்டு வித்ததையா இவ்ளோ பெரிசாக் கொண்டாடுறாங்க?" என்றேன் நான்.

"தினம் ஆறு பேருக்கு நறுக்கிப் பாரு, அப்பத் தெரியும்," என்றாள் ரொட்டியக்கா.

அவளுக்குக் காது கூர்மை. பேக்கரி வரிசையில் நின்று, "நேத்து ரொட்டிதானே, பாதி விலைக்குக் குடுத்தா என்ன?" என்று பிடித்துக்கொண்டு வந்தாள். வங்கி வாசல் காவல்காரரிடமிருந்து, "இந்த ஸ்டூலுதாம்மா எனக்குச் சோறு." தள்ளுவண்டியை ஓரமாகப் போகச் சொன்ன போலீஸ்காரரிடம் பழக்கடைக்காரி சொன்னது, "வயித்துல அடிக்காதீங்க சார், புண்ணியமாப் போகும்." நான் தட்டச்சு செய்துகொண்டே சிரிப்பேன். ஆங்கிலத்தில் ரொட்டி இருக்கிற இடத்தில் எல்லாம் நம்மிடம் சோறு இருக்கிறது, இல்லையென்றால் வயிறு இருக்கிறது.

நான்காவது அர்த்தத்தில்தான் முதல் சண்டை வந்தது. 'பிரெட்வின்னர்' என்பதற்குக் காது, 'குடும்பத்தைக் காப்பாற்றும் ஆண்மகன்' என்று எழுதி வைத்திருந்தார். ரொட்டியக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் மேசை முன்னால் போய் நின்றாள்.

"சார், இதுல ஆண்மகன் எங்கேர்ந்து வந்தான்?"

"வழக்கமா ஆம்பளைதானேம்மா சம்பாதிக்கிறான்."

"நான் இருபத்தொம்பது வருஷம் சம்பாதிச்சுப் போட்டிருக்கேன். அப்ப நான் யாரு?"

காது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஆண்மகனை அடித்துவிட்டு, 'குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுபவர்' என்று எழுதினார். அன்றைக்கு ரொட்டியக்கா எனக்குத் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தாள். அவள் ஜெயித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஏழாவது அர்த்தம் இழுத்தது. இரண்டு கார்டு கிடைத்துவிட்டது. தையல்காரப் பெண் ஒருத்தி, "மாமியார் வீட்டுச் சோறு தொண்டையில நின்னு நின்னுதான் எறங்குது" என்றிருந்தாள். பஸ்ஸில் ஒரு தகப்பன் மகனிடம், "இன்னும் எத்தனை நாளைக்குத் தண்டச்சோறு திங்கப் போறே?" என்றிருந்தான். மூன்றாவது அகப்படவில்லை. ஐந்து வாரம் ஆயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காது எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"நாடு பூரா ஒருத்தனை ஒருத்தன் சொல்லிக் காட்டிக்கிட்டேதான் சோறு போடறான். அஞ்சு வாரமா உங்க காதுல ஒண்ணுகூட விழலியா? திங்கக்கிழமை கார்டு வரலேன்னா இந்தச் சொல்லையே வேற ஆளுக்கு மாத்திடறேன்."

திங்கட்கிழமை கார்டு வந்தது. பிழை திருத்துகிறவளின் எழுத்து, முத்து முத்தாக இருந்தது. நான் படித்தேன்.

'ஒரு தட்டு சோறு போடறது பாரமில்லடி. தெனம் அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டே நாம சாப்பிடணும் பாரு, அதுதான் பாரம்.'

பேசியவர்: தம்பி. இடம்: துணி காயப்போடும் கொல்லைப்புறம். தேதி இரண்டு வருடத்துக்கு முந்தியது.

அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அடுத்த சொல்லுக்குக் கார்டு வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலே, தலை நிமிராமலே சொன்னாள்.

"பின்ரூமை மூத்தவளுக்குக் குடுத்துடலாமான்னு அவன் பொண்டாட்டி கேட்டா. நான் அந்தப் பக்கம் போர்வை பிழிஞ்சுக்கிட்டு இருந்தேன். நடுவுல கொடியில இன்னொரு போர்வை. அவங்களுக்கு நான் தெரியல."

"அப்புறம் என்னக்கா பண்ணீங்க?"

"என்ன பண்றது, போர்வையக் காயப்போட்டேன்."

அந்த வீட்டில் அவள் ஏன் எல்லோரும் எழுந்த பிறகு தனியாக அடுக்களையில் சாப்பிடுகிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பசிக்கவில்லை, வேலை இருக்கிறது என்று இரண்டு வருடமாக ஏதாவது சொல்லித் தன் மூஞ்சியை அவர்கள் தட்டுக்கு முன்னால் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தம்பி விடமாட்டாராம், உட்காரு அக்கா, சேர்ந்து சாப்பிடலாம் என்பாராம்.

காதுக்கு வாக்கியம் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போயிற்று என்றால் சாதாரணமாக அல்ல. உரக்கப் படித்தார். ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக ஒன்று கிடைக்குமா என்று தேடினார். "இந்த எழுத்துலயே இதுதான்மா தலையாய வாக்கியம். ரத்தினம்," என்றார். யார் வயிறெரிந்த ரத்தினம் என்று அவர் கேட்கவில்லை. ரொட்டியக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்கு முன்னால் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அந்தக் கார்டை எடுத்துடும்மா. வேற ஒண்ணு கேட்டு எழுதித் தர்றேன்."

"ஏன்க்கா?"

"அவன் இங்கிலீஷ் வாத்தியாரு. அகராதின்னா உசிரு அவனுக்கு. புக்கு வந்தா முதல்ல அவன் கைக்குத்தான் போகும். படிச்சான்னா தெரிஞ்சுடும். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க இருக்கிறது? எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு ரூமுதான்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னது, "நம்பர் குத்தியாச்சேக்கா."

அவள் கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சரி என்று போய்விட்டாள். ஒரு கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு எலி தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். காது கத்தியிருப்பார், ஒரு நாள் பெட்டியைக் கவிழ்த்திருப்பார், அவ்வளவுதான். எனக்கு அந்த ஒரு நாள் தொந்தரவு பெரிதாகத் தெரிந்தது. அந்த வாக்கியம் நன்றாக இருந்தது என்பதும் உண்மை. நல்ல வாக்கியத்தைக் கிழிக்க மனம் வரவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட சமாதானம்.

புத்தகம் வருவதற்குள் எவ்வளவோ காலம் இருக்கிறது என்று இருவரும் நினைத்தோம். காதுக்கு அவசரம் வந்துவிட்டது. முதல் தொகுதிக்கு ஆதரவு திரட்ட மாதிரிப் பக்கம் ஒன்றை அச்சடித்துப் பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப் போவதாகச் சொன்னார். எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியதே இல்லை. பெரிய தாளில், பளபளப்பாக, 'பிரெட்' ஏழு அர்த்தத்தோடும் வந்து இறங்கியது. நானூறு பிரதிகள். உறைகளில் முகவரி ஒட்டியது நானும் ரொட்டியக்காவும். தம்பியின் கல்லூரி முகவரி அவள் கைக்குத்தான் வந்தது. ஒட்டினாள், ஓரம் பிரியாமல் கட்டைவிரலால் நீவியும் விட்டாள்.

அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போய் ஒரு பை கட்டி வைத்தாள். மூன்று புடவை, சான்றிதழ் ஃபைல், அம்மாவின் படம், இன்னொரு மூக்குக் கண்ணாடி. பையை இஸ்திரி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். காலையில் அவர் செய்தித்தாளிலிருந்து நிமிரும்போது பார்ப்பாள். மாலையில் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அலுவலகத்துக்கு வந்ததும் நான் கண்ணால் கேட்பேன், அவள் இல்லை என்று தலையாட்டுவாள். பதினெட்டு நாள் இப்படி. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தப் பதினெட்டு நாளில் அவள் கழுத்தெலும்பு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. அவர் என்ன சொல்வார், அதற்குத் தான் என்ன சொல்வது என்று மனதுக்குள் பேசிப் பேசிப் பார்த்து வைத்திருந்தாள். நீ சொன்னதைத்தானே எழுதினேன், ஒரு எழுத்துக்கூடக் கூட்டவில்லையே என்பது அவள் வைத்திருந்த பதில்களில் ஒன்று.

பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்த பிறகு, தம்பி அலமாரி மேலிருந்து சுருட்டி வைத்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். ரொட்டியக்காவுக்குக் கையிலிருந்த கரண்டி கனத்தது. அவர் உட்கார்ந்து, தாளை விரித்து, பெண்களைப் பார்த்துச் சொன்னார்.

"இங்க பாருங்க, அத்தை ஆபீஸ்லேர்ந்து காலேஜுக்கு வந்தது. எவ்ளோ அழகா இருக்கு பாத்தீங்களா? நான் நோட்டீஸ் போர்டுல ஒண்ணு போட்டுட்டு, இதைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

ஒவ்வொன்றாகப் படித்தார். பேக்கரி வரிசைக்குப் பெண்கள் சிரித்தார்கள். பழக்கடைக்காரிக்குக் கிழவி ச்சுச்சு என்றாள். நான்காவது வந்தபோது, "சம்பாதித்துப் போடுபவர், ஆணும் இல்ல பெண்ணும் இல்ல, சரியாப் போட்டிருக்காங்க," என்று பாராட்டினார். ரொட்டியக்கா சுவரோரமாக நகர்ந்து நின்றுகொண்டாள். ஏழாவதைப் படித்தார். முழுதாகப் படித்தார், எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அழுத்தி, வகுப்பில் படிப்பது போலப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்தக் கல்நெஞ்சக்காரன் சொன்னானோ," என்றார். "ஆனா என்ன கூர்மை பாரு. சோத்தை விட்டுட்டு மூஞ்சியப் புடிச்சான் பாரு, அங்கதான் நிக்கிறான். ஏன்க்கா, இது யாரு சொன்னதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் ரொட்டியக்கா.

"யாரு?"

"பேரு சொல்லக் கூடாது. ஆபீஸ் ரூல்."

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார். அவள் பரிமாறினாள். தம்பி மனைவி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. அன்றைக்குக் கொல்லைப்புறத்தில் அந்த வாக்கியத்தைக் கேட்டவள் அவள். பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "சாப்பிடுங்க, ஆறிடும்," என்றாளாம், யாரிடம் என்று இல்லாமல்.

மறுநாள் காலை ரொட்டியக்கா அந்தப் பையோடு எங்கள் படியேறி வந்தாள். நான் பதறிவிட்டேன்.

"துரத்திட்டாரா?"

"இல்லம்மா. அவனுக்குத் தெரியல." நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"தெரியலேன்னா நல்லதுதானேக்கா? பையை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"தெரிஞ்சு திட்டியிருந்தான்னா அங்கயேதான் இருந்திருப்பேன். ரெண்டு பேரும் கத்தியிருப்போம், அழுதிருப்போம். நான் ரெண்டு வருஷமா அதைத் தெனமும் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு வாய்க்கும் கேக்குது. அவனுக்கு அது சொன்ன நிமிஷமே போயிடுச்சு. நான் அந்த வீட்டுல அவ்ளோதான். இனிமே எனக்கு அங்க தொண்டையில எறங்காது."

மூன்று தெரு தள்ளி வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் ஒரு கட்டில் கிடைத்தது. நான்கு இரும்புக் கட்டில், மற்ற மூன்றிலும் சின்ன வயது நர்ஸுகள். அவளுடையது குளியலறைக் கதவை ஒட்டியது, ராத்திரி யார் போனாலும் கதவு கட்டிலில் இடிக்கும். ஐம்பத்திரண்டு வயதில் தலைமாட்டில் ஒரு ஆணிதான் அவளுக்கென்று சொந்தமாக இருந்தது, அதில் பையை மாட்டினாள். நான் கூடப் போய் விட்டுவிட்டு வந்தேன். என் வீட்டுக்கு வாங்கக்கா என்று நாக்கு நுனி வரை வந்தது. வீட்டுக்காரர், அவருடைய அம்மா, ஒரே கூடம். ஒரு தட்டு கூடினால் எங்களுக்கும் பாரமில்லை. அதற்கப்புறம் யோசித்தேன் பாருங்கள், அந்த யோசனை அவள் தம்பி சொன்ன அதே வாக்கியத்தின் பின்பாதியில் போய் முட்டி நின்றது. நான் கூப்பிடவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வியாழக்கிழமை தம்பி வந்தார். ரொட்டியக்கா நூலகத்துக்குப் போயிருந்தாள், காதும் இல்லை. நல்ல சட்டை, கையில் குடை, மெதுவான பேச்சு. என் முன்னால் உட்கார்ந்தார்.

"அக்கா திடீர்னு ஹாஸ்டலுக்குப் போறேன்னு கிளம்பிட்டாங்க. வீட்டுல எல்லாருக்கும் கஷ்டமா இருக்கு. காலையில ஒண்ணும் நேரத்துக்கு ஆகமாட்டேங்குது. யாரோ அவங்க மனசைக் கலைச்சிருக்காங்க. இங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து போய் 'பி' பெட்டியில் தேடி அந்தக் கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நம்பர் குத்திய கார்டு பெட்டியை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. அக்காவின் கையெழுத்து அவருக்குத் தெரியாமல் இருக்குமா, அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவர் எழுதவே கற்றுக்கொண்டார். வாக்கியத்தைப் பார்த்து, இது தெரியும் என்பது போல லேசாகச் சிரித்தார். பிறகு அடியில் பார்த்தார். பேசியவர். இடம். தேதி. கார்டைக் கிட்டக் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தார். காதோரம் சிவந்துகொண்டே வந்தது. கீழே டயர் கடையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழுதிருந்தால் என் கோபம் இறங்கியிருக்கும்.

"இது எத்தனை இடத்துக்குப் போயிருக்கு?" என்று கேட்டார்.

"நானூறு."

"புக்குலயும் வருமா?"

"வரும்."

கார்டின் அடி வரிகளை விரலால் மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "பேரு வராதுல்ல?" என்றார்.

"வராது சார்," என்றேன். "பேசினவங்க பேரு எதுவும் வராது. எழுதினவங்க பேரும் வராது."

அவருக்கு மூச்சு வந்தது. தண்ணீரைக் குடித்தார், டம்ளரை ஓசைப்படாமல் வைத்தார், கார்டை என் பக்கம் தள்ளினார். படி வரைக்கும் போய் நின்று திரும்பினார். விடுதி எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் திரும்புகிறார் என்று நினைத்து, சொல்வதற்கு வாயையும் திறந்துவிட்டேன்.

"புக்கு வந்ததும் எங்க லைப்ரரிக்கு ரெண்டு காப்பி அனுப்பச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். குடையை மறந்துவிட்டுப் போனார், அதை எடுக்கவும் இன்றுவரை வரவில்லை.

மூன்று மணிக்கு ரொட்டியக்கா வந்தாள். குடையைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். அது அவள் அச்சகத்தில் இருந்தபோது வாங்கிக் கொடுத்த குடையாம். நான் ஒன்று விடாமல் சொன்னேன். கையில் பிடித்த பையை இறக்காமல் கேட்டாள்.

"நான் எங்க இருக்கேன்னு கேட்டானா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லக்கா," என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து வெற்றுக் கார்டு ஒன்றை எடுத்து, மேலே ஆங்கிலத்தில் 'நேம்' என்று எழுதி, என் பக்கம் தள்ளினாள்.

"எழுது. அவன் கேட்டானே, பேரு வராதுல்லன்னு, அதை எழுது."

"நீங்களே எழுதுங்கக்கா. நான் டைப் அடிக்கிறவதானே."

"காதால கேட்டது நீ. நான் எழுதினா செல்லாது."

ஆறு வருடத்தில் நான் எழுதிய முதல் கார்டு அது. 'பேரு வராதுல்ல?' பேசியவர்: தம்பி. இடம்: அலுவலகம். தேதி போட்டேன்.

"அந்த எழுத்துக்கு வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்திருப்பேன்," என்றாள். "பரவால்ல. நம்பரைக் குத்து."

நான் மெஷினை எடுத்துக் குத்தினேன். நம்பர் சரியாக விழுந்திருக்கிறதா என்று அவள் கார்டை வாங்கிப் பார்த்தாள், பார்த்துவிட்டு அவளே பெட்டியில் வைத்து மூடினாள்.